மதுரையில் குரூப் தெரபிக்குப் போகிறீர்களா? முதல் போனிலிருந்து விடைபெறும் நாள் வரை

மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம், தீராத துக்கம், வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு என்று காரணம் எதுவாக இருந்தாலும், "குரூப் தெரபிக்குப் போய்ப் பாருங்க" என்று டாக்டர் சொன்னதும் மதுரைக்காரர் மனதில் எழும் முதல் கேள்வி, "அங்க தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்துட்டா?" என்பதுதான். நியாயமான பயம். அண்ணா நகரில் இருப்பவருக்கு ஆரப்பாளையத்தில் சம்பந்தி இருப்பார், சம்பந்திக்கு மேலூரில் சகலை இருப்பார். இந்தப் பயத்தாலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். இதற்கு நடைமுறையில் வழி இருக்கிறது. அதையும் சேர்த்து வரிசையாகச் சொல்கிறோம்.

குழுவில் என்ன நடக்கிறது

பெரும்பாலும் ஆறிலிருந்து பத்துப் பேர். வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம், அதே அறை. ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ நடத்துவார்கள். நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும், நடுவில் மேஜை இருக்காது.

குணம் கிடைப்பது இரண்டு வழிகளில். நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை இன்னொருவர் வாயால் கேட்பது முதல் வழி. இதை முதல் நாளிலேயே உணர முடியும். இரண்டாவது மெதுவாக வரும். வெளியே மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோமோ அப்படியேதான் கொஞ்ச நாளில் அந்த அறைக்குள்ளும் நடந்துகொள்வோம். வீட்டில் யார் குரலை உயர்த்தினாலும் வாயடைத்துப் போகிறவர் குழுவிலும் வாயடைத்துப் போவார். வீட்டில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. குழுவில் எதிரே உட்கார்ந்திருப்பவர், "அவரு சத்தமாப் பேசுனதும் நீங்க தலையக் குனிஞ்சுட்டீங்க, என்னாச்சு?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில்தான் வேலை தொடங்குகிறது. தனியாக உட்கார்ந்து டாக்டரிடம் பேசும்போது இது கிடைப்பது கடினம்.

எந்தக் குழு

எல்லாவற்றையும் "கவுன்சலிங்" என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். சேரும் முன் எது என்று பிரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் குழு என்பது பதற்றத்தைக் கையாளுவது, தூக்கம், கோபம், எண்ணங்களைச் சரிபார்ப்பது போன்றவற்றைப் பாடம்போலச் சொல்லித்தருவது. வீட்டுப்பாடம் இருக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் முடியும். பேசத் தயங்குகிறவர்களுக்கு இதுதான் நல்ல தொடக்கம். உரையாடல் குழுவில் பாடத்திட்டம் இல்லை. அங்கே நடக்கும் பேச்சே சிகிச்சை. ஆறு மாதம், ஒரு வருடம்கூடப் போகும். ஆதரவுக் குழு ஒரே நிலைமையில் இருப்பவர்கள் கூடுவது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கென்றே தனிக் குழுக்கள் உண்டு; மகனுக்கு மனச்சிதைவு என்றால் அம்மாவுக்கு அந்தக் குழு அவசியம் என்பது எங்கள் உறுதியான கருத்து. குடிப்பழக்கத்துக்கு 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் கிடையாது, டாக்டர் நடத்துவதும் இல்லை. குடியை விட்டவர்களே நடத்துகிறார்கள். குடிப்பவரின் மனைவி, பிள்ளைகளுக்கு அல்-அனான் என்று தனியே உண்டு.

தொடக்கம் முதல் இறுதி வரை அதே ஆட்களோடு போகும் மூடிய குழுவா, இடையில் புதியவர்கள் வந்துபோகும் திறந்த குழுவா என்றும் கேளுங்கள். ரகசியம் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர் மூடிய குழுவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எங்கே விசாரிப்பது

நம் ஊர்க்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு முதல் படி. காலையிலேயே ஓ.பி. சீட்டு எடுத்துப் பார்த்துவிட வேண்டும். நோய் என்ன என்று தெரிந்த பிறகு குழு பொருந்துமா என்று அங்கேயே கேட்கலாம். 1992-லிருந்து மதுரையில் மனநலத் துறையில் இயங்கிவரும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையிலும் விசாரிக்கலாம். போனில் வழி கேட்க, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு.

பாண்டி கோயிலுக்கோ கோரிப்பாளையம் தர்காவுக்கோ போய்வருகிற குடும்பம் என்றால் அதை நிறுத்த வேண்டிய தேவை இல்லை. மாத்திரையையும் குழுவையும் அதற்காக நிறுத்தாமல் இருந்தால் போதும்.

தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க

வீடு ஒரு பக்கம் என்றால் குழு மறு பக்கம் இருக்கட்டும். திருமங்கலத்துக்காரர் கே.கே. நகர்ப் பக்கம் தேடலாம். மாட்டுத்தாவணிப் பக்கம் இருப்பவர் பழங்காநத்தம் பக்கம் தேடலாம். சேரும் முன்னால் நடத்துபவரிடம் உங்கள் ஊர், தொழில், வேலை பார்க்கும் இடம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களோடு ஒட்டினால், பெயரைச் சொல்லாமலே உங்களை வேறு குழுவுக்கு மாற்றிவிட அவரால் முடியும். முதல் நாள் போனபின் தெரிந்த முகம் இருந்தால் பதறி வெளியேற வேண்டாம். இருவரும் நடத்துபவரிடம் தனியாகப் பேசி, யார் தொடர்வது என்று முடிவு செய்யலாம்.

வாட்ஸாப் குழுதான் இன்றைக்குப் பெரிய ஓட்டை. உங்களை அதில் சேர்த்த நிமிடமே எல்லாருக்கும் உங்கள் நம்பர் தெரிந்துவிடும். புகைப்படத்தில் மனைவி, பிள்ளைகள், கடைப் பலகை இருந்தால் அதுவும் தெரியும். ட்ரூகாலரில் தேடினால் முழுப்பெயர் வந்துவிடும். "என்னைக் குழுவில் சேர்க்காதீங்க, தகவலைத் தனியா அனுப்புங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால் ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. அந்தச் செய்தி வந்துசேர, அனுப்புபவரின் எண்ணை நீங்கள் சேமித்திருக்க வேண்டும். சேமிக்காமல் விட்டுவிட்டு "தகவலே வரல" என்று ஒரு வாரத்தைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

அடுத்த ஓட்டை வாசலில் இருக்கும் டீக்கடை. அறைக்குள் காப்பாற்றிய ரகசியமெல்லாம் அங்கே இரண்டு பேர் டீ குடிக்கும்போது கசிகிறது. அடுத்த மேஜையில் யார் என்று தெரியாது. டீ குடிக்கலாம், குழுவில் கேட்டதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை வேண்டாம்.

ரகசியத்தின் எல்லை

2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்க நோயாளிக்கு உரிமை தருகிறது. சிகிச்சை தருகிறவர்களை அது கட்டுப்படுத்தும். பக்கத்து நாற்காலியில் இருப்பவரை அது அப்படிக் கட்டாது. அவர் தருவது வாக்கு மட்டும்தான். பெரும்பாலானவர்கள் அதைக் காப்பாற்றுகிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய ரகசியமும் உங்களிடம் இருக்கிறது. ஆனாலும் முதல் சில வாரங்களில் முழுப்பெயர், தெரு, கம்பெனி பெயர் இல்லாமலே பேசுங்கள். "என் மேனேஜர்" என்று சொன்னால் போதும்.

நடத்துபவரும் எல்லாவற்றையும் மறைக்க முடியாது. ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் குடும்பத்துக்கோ டாக்டருக்கோ சொல்வார். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரியவந்தால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இதை முதல் நாளே அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

சேரும் முன் தனிச் சந்திப்பு

நல்ல குழு எதுவும் நேரே கூட்டிப்போய் வட்டத்தில் உட்கார வைக்காது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் தனியாகப் பேசுவார்கள். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, என்ன மாத்திரை, தற்கொலை எண்ணம் வந்ததுண்டா, குடி உண்டா, முன்பு எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். மருந்துச் சீட்டை எடுத்துப் போங்கள். தற்கொலை எண்ணம் இருந்தால் மறைக்காதீர்கள். அதைச் சொன்னதற்காக யாரும் விரட்டமாட்டார்கள். முதலில் தனிச் சிகிச்சை, நிலைமை ஆறியபின் குழு என்று வரிசையை மாற்றுவார்கள். இல்லாத குரல் கேட்பது, பித்து வேகம் (தூக்கமே இல்லாமல் மனம் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடுவது), போதை போன்றவை கடுமையாக இருக்கும்போதும் இதே வரிசைதான்.

குடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்தவர், வேண்டுதல் என்று மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. அதனால் முதலில் ஆஸ்பத்திரி, மருந்தோடு நிறுத்தம், அதன்பிறகுதான் குழு.

நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. நடத்துபவரின் படிப்பு என்ன, மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா? ஆண்களும் பெண்களும் சேர்ந்தா, தனித்தனியா? குறிப்பு எழுதுவீர்களா, அதை யார் பார்ப்பார்கள்? கட்டணம் வாராவாரமா, மொத்தமாகவா, வராத நாளுக்கும் கட்ட வேண்டுமா? தயங்காமல் கேளுங்கள், எரிச்சல்படுகிறவரிடம் சேராதீர்கள்.

"மூணே வாரத்தில் குணம்" என்று உறுதி தருவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, எண்ணெய், பொடி விற்பது, கேட்காமல் வீடியோ எடுப்பது, அழுதே ஆக வேண்டும் என்று நெருக்குவது, மதம் மாறவோ ஒரு சாமியாரைப் பார்க்கவோ சொல்வது: இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் படியை மிதிக்க வேண்டாம்.

போகும் ஏற்பாடு

பஸ் நேரத்தைப் பார்த்துக் குழுவைத் தேர்ந்தெடுங்கள். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மாலைக் குழு இரண்டு மாதம்கூடத் தாங்காது. இருட்டிய பின் பஸ்ஸைப் பிடிக்கும் கவலையில் கடைசி இருபது நிமிடம் காதில் ஏறாது. அந்த இருபது நிமிடம்தான் முக்கியமானது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை என்பதால், நகருக்குள் வாராவாரம் வந்துபோகும் செலவு பெண்களுக்கு ஒரு தடையாக இருக்காது.

வீட்டில் என்ன சொல்வது? முடிந்தவரை உண்மைக்குப் பக்கத்தில் சொல்லுங்கள். "டாக்டர் வாராவாரம் வரச் சொல்லியிருக்காரு" என்பது பொய் இல்லை. தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு ஒரு வருடம் காப்பாற்றுவது கடினம். நம்பகமான ஒருவருக்காவது நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது தெரிந்திருக்கட்டும்.

சித்திரைத் திருவிழா வாரத்தில், அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி, கோரிப்பாளையம் பக்கம் வண்டியே நகராது. அந்த வாரம் குழு உண்டா என்பதை முந்தின மாதமே பேசிவிட வேண்டும். முகூர்த்த நாள்களுக்கும் அப்படியே. சொல்லாமல் வராமல் போவது மற்றவர்களை உறுத்தும். "நாம போன வாரம் சொன்னதால வரலையோ" என்று ஒருவர் வாரம் முழுக்கத் தவித்துக்கொண்டிருப்பார்.

முதல் நாள்

பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். சில குழுக்களில் தொடங்கியபின் கதவைச் சாத்திவிடுவார்கள். போனை அணைத்துவிடுங்கள், சைலன்ட் போதாது. வெறும் வயிற்றோடு போக வேண்டாம்.

முதலில் விதிகளைச் சொல்வார்கள். அடுத்து ஆளுக்கு ஓரிரு நிமிடம், இந்த வாரம் எப்படிப் போனது என்று ஒரு சுற்று வரும். பயப்படுகிறவர்கள் பயப்படுவது இந்தச் சுற்றுக்குத்தான். இப்படிச் சொன்னால் போதும்: "எம் பேரு செல்வி. தூக்கம் சரியில்லாம வந்துருக்கேன். இன்னைக்கு கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேனே." யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்ப வேண்டாம் என்போம். முதல் நாள் பேசாதவருக்கு இரண்டாம் நாள் வாய் திறப்பது இன்னும் கடினமாகிவிடுகிறது.

நடுவில் யாரும் பேசாத நேரம் வரும். ஒரு நிமிடம்கூட நீளும். நமக்குப் பழக்கமில்லாத விஷயம் இது, நாலு பேர் கூடினால் யாராவது எதையாவது பேசிவிட வேண்டும் நமக்கு. நடத்துபவர் தெரிந்தேதான் விடுகிறார். பேசத் தயங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த இடைவெளி வேண்டும்.

யாராவது அழுதால் தட்டிக்கொடுக்கவோ டிஷ்யூவைக் கையில் திணிக்கவோ அவசரப்படாதீர்கள். அழுகிறவருக்கு அது "போதும், நிறுத்து" என்பதுபோலப் பட்டுவிடும். பெட்டி எட்டும் தூரத்தில் இருந்தால் போதும். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும்.

கடைசிப் பத்து நிமிடம் முடிவுச் சுற்று. ரொம்பக் கனமான விஷயத்தை அந்தப் பத்து நிமிடத்தில் அவிழ்க்காதீர்கள். கேட்டு முடிக்க நேரம் இருக்காது, நீங்கள் பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கும். அப்படி ஏதாவது இருந்தால் அடுத்த வாரத் தொடக்கத்திலேயே "எனக்கு இன்னைக்கு நேரம் வேணும்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அறிவுரைதான் பெரிய தொல்லை

நம்மூர்க் குழுக்களைக் கெடுப்பது இதுதான். ஒருவர் தூக்கமில்லை என்று வாயெடுத்தால் நாலு பக்கமிருந்தும் வரும்: "நான் சொல்றதக் கேளுங்க, காலைல நடங்க." "பால்ல ஜாதிக்காயப் போட்டுக் குடிங்க." "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போயிரும்." எல்லாம் அக்கறையில் வருவதுதான். சொன்னவருக்கு ஒரு வேலை முடிந்த நிம்மதி கிடைக்கிறது, கேட்டவர் பேச வந்ததைப் பேசாமலே வாயை மூடிக்கொள்கிறார்.

அதற்குப் பதிலாக, "யோசனை வேணுமா, கேட்டுக்கிட்டா போதுமா?" என்று முதலில் கேளுங்கள். வேண்டும் என்றால் "நீங்க இதைச் செய்யணும்" என்று தொடங்காமல் "எனக்கு அப்படி இருந்தப்ப..." என்று உங்கள் கதையிலிருந்து சொல்லுங்கள். உங்களுக்கு யாராவது அறிவுரையை அடுக்கினால், "அக்கா, இப்ப சொல்லி முடிச்சிக்கிறேனே" என்று மரியாதையாகவே நிறுத்தலாம்.

அக்கா, அண்ணே, தம்பி என்ற விளிகள் தானாக ஒட்டிக்கொள்ளும், தடுக்கத் தேவையில்லை. ஆனால் "அக்கா சொன்னா கேட்டுக்கணும்" என்ற இடத்துக்கு அது போகும்போது குழு திரும்ப வீடாகிவிடுகிறது. வயதில் சிறியவர் பெரியவரிடம் "எனக்கு அப்படித் தோணல" என்று சொல்லிப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"சொந்த ஊரு எது? அங்க எந்தப் பக்கம்? அப்பா பேரு?" இந்த வரிசை எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். "அது வேண்டாமே" என்று சொல்லிவிடலாம், நடத்துபவர் துணைக்கு வர வேண்டும். சாதி மாறிக் கல்யாணம் செய்து, வீட்டாருக்குப் பயந்து இருக்கிறவர்கள் அதைத் தனிச் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். தங்கியிருக்கும் இடத்தைக் குழுவில் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

மாத்திரைப் பேச்சு

"நான் அந்த மாத்திரைய நிறுத்திட்டேன், இப்ப சூப்பரா இருக்கேன்" என்று ஒருவர் எப்போதாவது சொல்வார். அவருடைய நோய் வேறு, அளவு வேறு. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும். மாத்திரையை மாற்றுவது, குறைப்பது எல்லாம் டாக்டரோடு மட்டும்.

போன அன்று ராத்திரி

முதல் சில முறை போய் வந்தபின் மனம் இன்னும் மோசமாக இருப்பதுபோலத் தோன்றும். பழைய ஞாபகங்கள் கிளம்பும், தூக்கம் பிசகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அன்று ராத்திரியே கணவரிடமோ அம்மாவிடமோ பெரிய பேச்சைத் தொடங்காதீர்கள். குழுவில் கிடைத்த தைரியத்தில் பேசப்போய் சண்டையில் முடிந்த வீடுகள் பல. இரண்டு நாள் பொறுத்துப் பேசுங்கள். சாப்பிட்டு, குளித்து, சீக்கிரம் படுங்கள். மூன்று நாளுக்கு மேல் அடங்காவிட்டால் நடத்துபவரைக் கூப்பிடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் உடனே 14416, அல்லது நேரே ஆஸ்பத்திரி.

எத்தனை வாரம் பார்ப்பது

விலகுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில வாரங்களிலேயே விலகுகிறார்கள். "எல்லாரும் புலம்புறாங்க, இதுல என்ன பிரயோஜனம்" என்று அப்போது தோன்றுவது சகஜம். குறைந்தது ஆறு முறை போய்விட்டு முடிவெடுங்கள். குழுவில் ஒருவர் எப்போதும் நேரத்தை எடுத்துக்கொள்கிறார் என்றாலோ, ஒருவரைப் பார்த்தாலே மாமியார் ஞாபகம் வந்து எரிகிறது என்றாலோ, அதை வீட்டில் போய்ச் சொல்லாமல் அறையிலேயே சொல்லுங்கள். "நீங்க பேசும்போது எனக்கு இடமே இல்லாத மாதிரி இருக்கு" என்ற ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்ல முடிந்த நாளில், வீட்டிலும் அதுபோல ஒன்றைச் சொல்ல வழி பிறக்கிறது. யாராவது அவமதித்து, நடத்துபவர் அதைக் கண்டும் காணாமல் விட்டால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, வெளியே வந்துவிடலாம்.

விடைபெறும்போது

போதும் என்று தோன்றினால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே குழுவில் சொல்லுங்கள். கடைசி நாளில் யாரிடமிருந்து என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். பிறகு ஒரு கல்யாண மண்டபத்திலோ ஜவுளிக்கடையிலோ அவர்களை நேரே பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் அன்றே பேசி முடிவு செய்துவிடுங்கள்: எதிரே வருபவர் வணக்கம் சொன்னால் மட்டும் பதில் வணக்கம், இல்லாவிட்டால் கடந்து போவது என்பதுதான் பெரும்பாலான குழுக்களில் வழக்கம். நடத்துபவரின் எண்ணை மட்டும் அழிக்க வேண்டாம். பழைய தொந்தரவு தலைகாட்டினால் அவரைக் கூப்பிட்டால் போதும். உங்களை ஏற்கெனவே தெரியும் என்பதால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்காது. இடம் இருந்தால் அடுத்த குழுவிலேயே சேர்ந்துகொள்ளலாம்.